அண்ணனின் இடுப்பை அளந்து பாருங்கள்

அன்புள்ள வாசகிக்கு,

கும்பகோணத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பெயர் போடாமல் பதில் எழுதச் சொல்லியிருந்தீர்கள், அப்படியே செய்கிறேன். உங்கள் உயரம், எடை, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் கோடு போட்டு எழுதி, பக்கத்திலேயே அண்ணனுடையதையும் எழுதியிருக்கிறீர்கள். கணக்கு டீச்சர் என்று நீங்கள் சொல்லாமலே தெரிந்திருக்கும்.

உங்களுக்கு 29 வயது, 160 சென்டிமீட்டர் உயரம், 72 கிலோ. சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாம் சரியாக இருக்கிறது. அண்ணனுக்கு 36 வயது, 170 சென்டிமீட்டர், 64 கிலோ. "அவன் உடம்பு வாகு அப்படி, எதைத் தின்னாலும் ஒட்டாது" என்று வீட்டில் பெயர் வாங்கியவர். போன மாதம் ஆபீஸ் முகாமில் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரியவந்திருக்கிறது. அதைக் கேட்டதும் உங்களுக்கு முதலில் தோன்றியது, "எனக்குத்தானே வந்திருக்கணும், அவனுக்கு எப்படி?" என்பது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். பெண் பார்க்க வருகிறவர்கள் தரகர் மூலம் "பொண்ணு வெயிட் எவ்வளவு?" என்று கேட்டனுப்பியதும், அம்மா உங்களுக்கு மட்டும் இரவில் இரண்டு சப்பாத்தியோடு நிறுத்துவதும் எரிச்சல் தருகிற விஷயங்கள்தான். ஆனால் ஒரு நோய் உங்களுக்கு வந்திருப்பதே நியாயம் என்று நீங்களே நினைக்கும் அளவுக்கு அந்த 72 உங்களுக்குள் போயிருக்கிறது. இன்னொரு பக்கம், அந்த 64 உங்கள் அண்ணனை ஏழெட்டு வருடமாவது டாக்டர் பக்கமே போகவிடாமல் வைத்திருக்கிறது. என் கணக்கில், எடை எந்திரம் உங்களைவிட அவரைத்தான் அதிகம் ஏமாற்றியிருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எழுதுவதைப் படித்து, புரிந்த வரைக்கும் சொல்கிறவன். அண்ணனின் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான்: 22.3. அதாவது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண். உலகத்தில் எந்த அட்டவணையை எடுத்தாலும் இரண்டு பேரும் 'நார்மல்'. ஆனால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்து பார்த்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல். யுட்கின் மாரத்தான் ஓடுகிறவர். யாக்னிக் தன்னைப் பற்றி அதே பக்கத்தில் எழுதிக்கொண்டது, தினமும் காலையில் ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவதுதான் தன்னுடைய உடற்பயிற்சி என்று. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இப்படிச் சிரிக்க வைப்பவை அபூர்வம்.

உங்கள் அண்ணனின் பி.எம்.ஐ.யை நீங்களே போட்டுப் பார்த்திருப்பீர்கள். 22.1. யாக்னிக்கின் எண்ணுக்கு ஒரு இழை தள்ளி.

யாக்னிக்கின் குழு இதைக் குழந்தைகளிடமே பார்த்தது. புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. எண்ணூறு கிராம் குறைவு. குறைந்தது பெரும்பாலும் தசையும் உள்ளுறுப்புகளும். முதுகுத் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு கிட்டத்தட்ட அந்த ஊர்க் குழந்தைகளுக்கு இருந்த அளவே இருந்தது. தாயின் வயிற்றிலேயே தசையில் மிச்சம் பிடித்துக் கொழுப்பைக் காப்பாற்றிக்கொண்டு வருகிற உடம்பு நம்முடையது. வெளியில் ஒல்லி, உள்ளே வேறு கதை.

கொழுப்பு இருப்பது குற்றமில்லை. எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரருக்கு நெல் குதிர்களை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். தொடை, இடுப்பு, தோலுக்கடி எல்லாம் உடம்பின் குதிர்கள். அங்கே போய்ச் சேரும் வரை நெல்லால் தொந்தரவு இல்லை. குதிர் சின்னதாக இருக்கிற வீட்டில், கொஞ்சம் கூடுதலாக விளைந்தாலே நெல் கூடத்திலும் அடுப்பங்கரையிலும் கொட்டிக் கிடக்கும். உடம்பில் கூடம் என்பது ஈரல், கணையம், குடலைச் சுற்றியுள்ள இடம். அங்கே கொழுப்பு போய் உட்கார்ந்தால் இன்சுலின் தன் வேலையைச் செய்யத் திணறுகிறது. உடம்பில் கொழுப்பு சேமிக்கும் திசுவே இல்லாமல் பிறக்கிற சிலர் உண்டு. லிப்போடிஸ்ட்ரோபி என்பார்கள். தசையும் நரம்பும் புடைத்துத் தெரியும். கடுமையான சர்க்கரையும் ஈரல் கொழுப்பும் அவர்களுக்குத்தான் வருகிறது. மறுபக்கம் ஜப்பானின் சுமோ மல்லர்களைப் பாருங்கள். மலை மாதிரி உடம்பு. ஆனால் பயிற்சியில் இருக்கிற காலத்தில் அவர்களுடைய கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கடியில்தான் இருக்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பயிற்சியை நிறுத்திய பிறகுதான் தொல்லை.

கிலோவுக்கு இதெல்லாம் தெரியாது. எலும்பு, தசை, தண்ணீர், காலையில் குடித்த காபி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு எண் சொல்லும். ரயில்வே ஸ்டேஷனில் வண்ண விளக்குகள் சுற்றும் எடை எந்திரத்தில் காசு போட்டு நின்றிருப்பீர்கள். ஒரு சின்ன அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஒரு நட்சத்திரத்தின் படமோ 'உங்கள் கடின உழைப்பு விரைவில் பலன் தரும்' என்கிற மாதிரி ஒரு பலனோ. சிறு வயதில் நாங்கள் பலனைத்தான் முதலில் படிப்போம். இப்போது எல்லோரும் எடையைப் படித்துவிட்டு அதையே பலனாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த பி.எம்.ஐ. எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தீர்கள். கணக்கு டீச்சருக்குப் பிடிக்கும் கதை. அடால்ஃப் க்வெட்லே என்று பெல்ஜியத்தில் ஒருவர், 1796-ல் பிறந்தவர். டாக்டர் இல்லை, வானியலும் புள்ளியியலும் படித்தவர், பிரஸ்ஸல்ஸில் வானாய்வு நிலையம் அமைத்தவர். நட்சத்திரங்களின் நிலையைக் கணக்கிடுகிற சராசரி முறையை மனிதர்கள் மேலும் போட்டுப் பார்த்தால் என்ன என்று கிளம்பினார். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்பது அவர் தேடல். அதில் கண்டது, வளர்ந்தவர்களில் எடை சுமாராக உயரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது என்பது. யாருக்கு நோய் வரும், யார் குண்டு என்று அவர் கேட்கவே இல்லை. ஒரு ஊரின் மக்கள் தொகையைப் பற்றிப் பேச வந்த சூத்திரம் அது.

பிறகு அமெரிக்காவில் ஆயுள் இன்சூரன்ஸ் கம்பெனிகள் தங்கள் வசதிக்கு உயரம்-எடை அட்டவணைகளை அச்சடித்தன. மெட்ரோபாலிட்டன் லைஃப் கம்பெனியின் அட்டவணை 1940-களில் வந்தது. 'சிறிய சட்டகம், நடுத்தரம், பெரியது' என்று மூன்று பத்திகள். எது எந்தச் சட்டகம் என்று அளக்கச் சரியான வழி சொல்லவில்லை. 1972-ல் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளரும் குழுவும் அந்த அட்டவணைகளுக்குப் பதிலாக க்வெட்லேயின் சூத்திரத்தைத் தூசி தட்டி எடுத்து, 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஐந்து நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அளவுகள். அத்தனை பேரும் ஆண்கள். நீங்களும் உங்கள் அம்மாவும் தினமும் பயப்படுகிற எண்ணைச் சோதித்துப் பார்த்தபோது ஒரு பெண்கூட அந்தக் கணக்கில் இல்லை.

எல்லைக்கோடும் கல்லில் வெட்டியது கிடையாது. அமெரிக்காவில் 1998 வரை ஆணுக்கு 27.8, பெண்ணுக்கு 27.3 தாண்டினால்தான் 'எடை கூடுதல்'. அந்த வருடம் ஒரு நிபுணர் குழு 25 என்று கோட்டை இறக்கியது. முதல் நாள் இரவு நார்மலாகப் படுத்த கோடிக்கணக்கானவர்கள் மறுநாள் எடை கூடியவர்களாக எழுந்தார்கள். ஒரு கிராம் ஏறாமலே. 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு ஒன்று, ஆசிய உடம்புக்கு 23-லிருந்தே கவனம் தேவை என்றது. நம்மவர்களுக்கு அது உபயோகமான திருத்தம்தான். ஆனால் உங்கள் அண்ணன் அந்தக் கோட்டுக்கும் கீழே நழுவிப் போய்விட்டார், பார்த்தீர்களா?

இப்போது நம் ஊர்ச் சமாச்சாரம். சென்னையில் டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2005-ல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. சர்க்கரை வரும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்று ஊசி குத்தாமலே ஊகிக்கிற முறை. நாலே நாலு கேள்வி: வயது, இடுப்புச் சுற்றளவு, உடல் உழைப்பு, அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா. மொத்தம் 100, 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம். எடை என்ற கேள்வியே அதில் கிடையாது.

உங்கள் இருவருக்கும் போட்டுப் பார்த்தேன். அண்ணனுக்கு வயது 35-ஐத் தாண்டியதால் 20. அப்பாவுக்குச் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு 10. நாள் முழுக்க நாற்காலி, போக வர பைக், உடற்பயிற்சி கிடையாது, 30. டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே 60 ஆகிவிட்டது. உங்களுக்கு வயதுக்குப் பூஜ்யம், அப்பாவுக்காக 10. சுடிதார் தைக்கக் கொடுத்த அளவுச் சீட்டில் இடுப்பு 33 அங்குலம் என்றிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். 84 சென்டிமீட்டர் சுமார், அதற்கு 10. தினமும் மூன்று மாடி ஏறி வகுப்பெடுப்பதையும் வாரம் நாலு நாள் மகாமகக் குளத்தைச் சுற்றி நடப்பதையும் கணக்கிலேயே சேர்க்காமல், ஒன்றுமே செய்யாதவர் என்று முழு 30 போட்டாலும் 50-தான் வருகிறது. "அவனுக்கு எப்படி?" என்று கேட்டீர்களே, இப்படித்தான்.

84 என்பது பெண்களுக்குச் சொல்லப்படும் 80-ஐவிட நாலு சென்டிமீட்டர் அதிகம். அதை நான் மறைக்கப்போவதில்லை. 35 வயது ஆனால் உங்களுக்கும் 20 கூடும் என்பதையும்.

எடைக்கு ஒரு வேலையும் இல்லை என்றும் சொல்லவில்லை. முழங்காலுக்கு எடை தெரியும். தூக்கத்தில் மூச்சுத் திணறுகிறவருக்குத் தெரியும். இதயம் பலவீனமானவர்களைத் தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோயாளி வந்ததும் பார்க்கிற விஷயங்களில் பி.எம்.ஐ.யும் ஒன்று, 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே அந்த எண் உயிரைக் காப்பாற்றுகிறது. தானாக எடை குறைந்தால் பயப்பட வேண்டும் என்பதை நம் ஊரில் எவ்வளவு பேர் மறந்துவிட்டார்கள்! சர்க்கரை முற்றி, தைராய்டு அதிகமாகச் சுரந்து, காசநோய் வந்து இளைக்கிறவர்களைப் பார்த்து, "என்ன பண்ணீங்க, சூப்பரா குறைஞ்சுட்டீங்க" என்று கல்யாண வீட்டில் கை குலுக்குகிறோம். உங்கள் அண்ணனுக்கும் கடைசி ஆறு மாதத்தில் நாலு கிலோ குறைந்ததாக ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை அவருடைய டாக்டரிடம் அவசியம் சொல்லச் சொல்லுங்கள்.

தெரு முனையில் காலை ஷேக் கொடுக்கிற கிளப்பில் பணம் கட்டியிருப்பதாகவும், முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்ததாகவும், பிறகு அசையவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு கிலோவின் கணக்கு இது: ஈரலிலும் தசையிலுமாக ஏறக்குறைய 500 கிராம் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறும் சப்பாத்தியும் நின்றால் சேமிப்பு கரையும், தண்ணீர் சிறுநீராகப் போகும். கூட்டிப் பாருங்கள், இரண்டு கிலோ. கொழுப்பு ஏறக்குறைய இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டால் அந்த இரண்டு கிலோ திரும்பி வந்துவிடும். கிளப்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் முதல் வாரத்தில் தினமும் எந்திரத்தில் ஏற்றுகிறார்கள்.

இதற்கு நேரெதிரான ஒன்றும் சென்னையில் நடந்திருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 2006-ல் வெளியானது. சர்க்கரையின் விளிம்பில் நின்ற ஐந்நூறு சொச்சம் பேரில் ஒரு பகுதியினரை நடக்க வைத்து, சாப்பாட்டைத் திருத்தி, மூன்று வருடம் கவனித்தார்கள். ஒன்றும் செய்யாதவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது, இவர்களில் 39.3 சதவீதம். எடை? குறிப்பிடும்படி குறையவே இல்லை. எந்திரத்தை மட்டும் நம்பியிருந்தால் அத்தனை பேரும் "ஒண்ணும் பிரயோஜனமில்லை" என்று முதல் மாதத்திலேயே நிறுத்தியிருப்பார்கள்.

இனி அழகு. இதில் மருத்துவத்தைவிட அதிகம் ஏமாற்று வேலை.

ஃபிஜியில், நாட்ரோகா என்கிற பகுதியில், ஆன் பெக்கர் என்ற ஹார்வர்டு ஆய்வாளர் வேலை செய்தார். அந்த ஊரில் வாட்டசாட்டமான உடம்புதான் அழகு. ஒருவர் இளைத்தால் "வீட்டில் சரியாகக் கவனிக்கவில்லையா?" என்று ஊரே விசாரிக்கும், நம் பாட்டிமார்கள் கேட்பதுபோலத்தான். 1995-ல் அங்கே டி.வி. வந்தது. வந்த சில வாரங்களுக்குள் பள்ளி மாணவிகளிடம் பெக்கர் கேட்டபோது, எடை குறைக்க வாந்தி எடுத்ததாக ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998-ல் மறுபடி போய்க் கேட்டபோது 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேர், 74 சதவீதம், தாங்கள் ரொம்பப் பெருத்திருப்பதாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். மூன்றே வருடம். அந்த ஊர்ப் பெண்களின் உடம்பு மாறவில்லை. கூடத்தில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது.

நமக்கு ஃபிஜி வரை போகவே வேண்டாம். பூசினாற்போல் இருந்த குஷ்புவுக்குத் திருச்சியில் ரசிகர்கள் கோயிலே கட்டினார்கள், இட்லிக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2008-ல் 'தஷன்' படத்துக்காகக் கரீனா கபூர் இளைத்ததும் 'சைஸ் ஜீரோ' என்ற வார்த்தை அழகு நிலையங்களின் வாசல் வரை வந்தது. இரண்டுக்கும் நடுவில் இருபது வருடம்கூட இல்லை. அதற்கு முந்தைய தலைமுறையின் வார இதழ்களில் சதை போட டானிக்கும் லேகியமும் விளம்பரம் செய்வார்கள். ஒல்லியாக இருந்த பெண்ணுக்குத்தான் அப்போது வரன் தள்ளிப்போகும். உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். ஆண்களையும் நம் சினிமா விட்டதில்லை: ஓமக்குச்சி நரசிம்மன், குண்டு கல்யாணம் என்று உடம்பையே இனிஷியலாக ஒட்டியது. ஆனால் அவர்களுக்கு அது தொழில். உங்களுக்கு அப்படி இல்லை.

அப்புறம் ஒன்று, எடையை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எதிரே வருகிறவர் 60-ஆ 70-ஆ என்று நடை, தோள், உயரம், புடவைக் கட்டு இதையெல்லாம் வைத்து ஊகிக்கிறோம், பெரும்பாலும் தப்பாக. அதனால்தான் அந்த மாப்பிள்ளை வீட்டார் உங்கள் போட்டோவைப் பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறது என்றும் சொல்லிவிட்டு, பிறகு எடையைக் கேட்டார்கள். கண்ணுக்குப் பிடித்ததை எண்ணால் சரிபார்க்கிறார்களாம்.

அண்ணனுக்கு வருகிறேன். "காலேஜில் வாங்கின பேண்ட் சைஸ் இன்னும் 34-தான்" என்று பெருமை பேசுவதாக எழுதியிருந்தீர்கள். நம் ஆண்கள் பாதிப் பேரின் பேண்ட் சைஸ் மாறுவதே இல்லை. தொப்பை வளர வளர பெல்ட் அதற்கு அடியில் இறங்கிக்கொண்டே போகும், அவ்வளவுதான். டேப்பைப் பெல்ட் இருக்கிற இடத்தில் வைக்காதீர்கள். சட்டையைத் தூக்கி, கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு படியுங்கள். வயிற்றை உள்ளே இழுப்பார், விடாதீர்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் எல்லை. உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது இன்னொரு கணக்கு, அவருக்கு 85. உங்களுடையதையும் அதே மாதிரி மறுபடி எடுங்கள், டெய்லர் அளப்பது கொஞ்சம் மேலே இருக்கலாம். பாவாடை நாடாவை நம்ப வேண்டாம், அதற்கும் பெல்ட்டின் குணம்தான்.

அவரை உங்களோடு குளத்தைச் சுற்ற அழைத்துப் போங்கள். மூன்றாவது சுற்றில் யார் மூச்சு வாங்குகிறார் என்று பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான். டெக்சாஸில் ஸ்டீவன் பிளேரும் சகாக்களும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பல வருடம் பின்தொடர்ந்து 1999-ல் எழுதினார்கள்: உடல் தகுதி உள்ள குண்டானவர்களைவிட, தகுதி இல்லாத ஒல்லியானவர்களே அதிகம் இறந்திருந்தார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லி, இரவுச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு இருந்தால் இரண்டு பேருக்கும் இருக்கட்டும், இல்லையென்றால் இரண்டு பேருக்கும் வேண்டாம் என்று கேளுங்கள். அண்ணனுக்கு இலையில் மூன்றாவது கரண்டிச் சோறு விழுவதை நீங்கள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கடைசியாக இரண்டு கேள்வி கேட்டிருந்தீர்கள். கிளப்பில் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? கேளுங்கள், தருவார்களா என்பது சந்தேகம்தான். தரகர் மறுபடி எடை கேட்டால் என்ன சொல்வது? 72 என்று உள்ளதைச் சொல்லுங்கள். கூடவே மாப்பிள்ளையின் இடுப்பளவையும், மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட்டையும், அவர் அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்பதையும் கேட்டனுப்புங்கள். உங்களுடைய ரிப்போர்ட் தயாராக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளன்